திரையில் எல்லாம் சரியாக இருந்தது

பாரிஸ், லா ஷபேல்
24 நவம்பர் 2018

அன்புள்ள சுதர்சனா,

போனில் என் நம்பரைத் தடுத்துவிட்டாய். கடிதத்தை எப்படித் தடுப்பாய் என்று பார்க்கிறேன். உன் துலூஸ் விலாசத்தை நம் தலைமை நர்ஸ் ஸ்டெஃபானியிடம் கெஞ்சி வாங்கினேன். தரக்கூடாதுதான், தந்துவிட்டாள். அவளைத் திட்டாதே, என்னைத் திட்டு.

ஒன்பது வருஷம் சுதர்சனா. 2009 ஜனவரியில் நாம் இரண்டு பேரும் ஒரே நாளில் அந்த ஆபரேஷன் ப்ளாக்கில் சேர்ந்தோம். நான் பாண்டிச்சேரிக்காரி, நீ கிளிநொச்சிக்காரி. அத்தனை பேர் நடுவே தமிழ் பேச இரண்டே வாய்கள். அப்படி இருந்தவள் ஒரு வார்த்தை சொல்லாமல் லாக்கரைக் காலி செய்துகொண்டு போய்விட்டாய். திங்கட்கிழமை வந்து பார்க்கிறேன், உன் பெயர் ஒட்டியிருந்த இடத்தில் பசை மட்டும் இருக்கிறது. சண்டை போட்டோம், சரி. ஊரைவிட்டுப் போகும்போது சொல்லிக்கொள்ள வேண்டாமா?

நடந்தது நடந்துவிட்டது. கொத்துரொட்டி போடுகிற நம் தவசீலனின் கால் ஆபரேஷனில் இப்படி ஆகும் என்று யார் நினைத்தார்கள்? அதற்காக நீ எழுநூறு கிலோமீட்டர் ஓடிப்போக வேண்டுமா?

இன்னொரு செய்தி. வேறு யாராவது சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். ஆபரேஷனில் டாக்டருக்கு வழி காட்டுகிற நேவிகேஷன் மெஷினை என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள். போன மாதம் லியோனுக்கு அனுப்பி ஐந்து நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். போன வருஷம் நீ போய் வந்து வாய் ஓயாமல் சொன்னாயே, அதே பயிற்சிக்கூடம், அதே பிளாஸ்டிக் முதுகெலும்பு. நீ சொன்ன அளவுக்கு ஒன்றும் பிரமாதமில்லை.

இப்போது உன் இடத்தில், திரைக்குப் பக்கத்தில் நான் நிற்கிறேன். நாற்காலியின் உயரத்தை இன்னும் மாற்றவில்லை. ஏன் என்று கேட்காதே, எனக்கே தெரியாது.

பதில் எழுது.

ஜிஸ்லேன்


துலூஸ்
4 டிசம்பர் 2018

ஜிஸ்லேன்,

கடிதம் கிடைத்தது. நேவிகேசன் பொறுப்பு உங்களுக்குக் கிடைத்ததற்கு வாழ்த்துகள். ஒரு வருடமாக நீங்கள் விரும்பியது.

நான் இங்கே ஒரு சிறிய வைத்தியசாலையில், மயக்கம் தெளியும் அறையில் வேலை செய்கிறேன். கண் விழிப்பவர்களிடம் பெயரைக் கேட்பதும், கையைக் காலை அசைக்கச் சொல்வதும்தான் வேலை. முதுகில் சத்திரசிகிச்சை முடிந்து வருகிற ஒவ்வொருவரும் பாதத்தைத் தூக்கிக் காட்டும்வரை நான் கட்டிலடியை விட்டு நகர்வதில்லை. இதைவிட வேறு விசேடம் இல்லை.

நான் ஓடி வரவில்லை. ஏப்ரல் 4ஆம் திகதி பாரிசில் விசாரணைக் குழு கூடுகிறது, உங்களுக்கும் அழைப்பு வந்திருக்கும். அதுவரை எந்தச் சத்திரசிகிச்சை அறைக்குள்ளும் போக எனக்கு அனுமதி இல்லை. அவர்கள் என்னிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: முதுகெலும்பில் திருகு ஏற்றுவதற்கு முன் ஏன் சரிபார்க்கச் சொல்லவில்லை? திரையில் நிற்பவரின் கடமை அது. மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்திருக்கிறேன். கவனக்குறைவு என்று அவர்கள் முடிவெடுத்தால் நான் படித்த படிப்பும் இத்தனை வருட வேலையும் அன்றோடு சரி. அந்த நான்கு மாதத்தையும் லா ஷபேல் தமிழ்க் கடைகளில் எல்லோருடைய பார்வைக்கும் நடுவில் கழிக்க எனக்கு விருப்பமில்லை.

நாற்காலியை உங்கள் உயரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அது என்னுடையது அல்ல.

இனி எழுத வேண்டாம். தவசீலன் அண்ணையின் கால் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் அறியத் தாருங்கள்.

சுதர்சனா


பாரிஸ்
16 டிசம்பர் 2018

சுதர்சனா,

எழுத வேண்டாம் என்கிறாய், கேள்வியும் கேட்கிறாய். எழுதாமல் எப்படிப் பதில் சொல்வது? அப்புறம் அதென்ன திடீரென்று 'நீங்கள்'? ஒன்பது வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டுவிட்டு, வங்கிக்காரிக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறாய்.

கேட்டதற்குப் பதில். கால் அப்படியேதான் இருக்கிறது. வலது பாதம் தூக்க வரவில்லை. ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் தாங்கியை வைத்துக் கட்டிக்கொண்டு நடக்கிறார். அதுவும் படியில் தடுக்குகிறது. நரம்பு நசுங்கித்தான் இருக்கிறது, அறுபடவில்லை, ஒரு வருஷத்தில் திரும்பலாம் என்கிறார் டாக்டர். 'லாம்' என்பதை அவர் எப்படிச் சொல்வார் என்று உனக்குத் தெரியும்.

லூயி-பிளாங் தெரு ரெஸ்டாரண்டில் கொத்துரொட்டி போட இப்போது வேறு ஆள் நிற்கிறார். தவசீலன் மேசையில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்குகிறார். நாம் உள்ளே நுழைந்ததும் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டுவாரே, அந்தச் சத்தம் இல்லாத கடைக்குள் எனக்குப் போகப் பிடிக்கவில்லை.

சனிக்கிழமை கார் து நோர் ஸ்டேஷன் பக்கம் காய்கறிக் கடையில் அவர் மனைவி கமலராணி என்னைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, கேக்கிறன் எண்டு குறை நினையாதேங்கோ. அந்த மெசின் உண்மையிலை என்னதான் செய்யிறது?" என்றாள். சொன்னேன். முதுகை நீளமாகத் திறக்காமல் சின்னத் துளை வழியாகத் திருகு ஏற்றுவதால் டாக்டருக்கு எலும்பு கண்ணில் படாது, திரையைப் பார்த்துத்தான் போகிறார் என்றேன். முதலில் இடுப்பெலும்பில் ஓர் ஊசியை இறக்கி, அதன் தலையில் வெள்ளி உருண்டைகள் வைத்த ஒரு சட்டத்தை மாட்டுவோம், பிறகு மெஷின் ஒரு சுற்றுச் சுற்றி எலும்பைப் படம் எடுக்கும், எலும்பு எங்கே, டாக்டர் கையிலிருக்கும் கருவி எங்கே என்று கேமரா அந்த உருண்டைகளைப் பார்த்துத்தான் கணக்குப் போடும் என்றேன். காரில் போனைப் பார்த்து வழி போகிற மாதிரி என்று சொன்னதும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அப்ப அந்தச் சட்டம் அசைஞ்சால்?"

"படம் அழகாத்தான் தெரியும். இடம் மட்டும் தப்பா இருக்கும்."

"ஆர் அதை அசைச்சது?"

விசாரணை நடக்கிறது என்று சொல்லிவிட்டு வெண்டைக்காயை எடை போடக் கொடுத்தேன். அவள் விடவில்லை. "எல்லாருக்கும் தெரியும் அக்கா. அந்தச் சுதர்சனாதான் பாக்காமல் விட்டது. உள்ளுக்கை எங்கடை பிள்ளையள் ரெண்டு பேர் நிக்கினம் எண்டுதானே இவர் அந்த ஆஸ்பத்திரிக்குப் போனவர்" என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் தலையாட்டினார்கள். நான் தலையாட்டவில்லை. மறுத்தும் பேசவில்லை.

உனக்கு ஒரு சந்தோஷச் செய்தி. டாக்டருக்கு என்னைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு செவ்வாயும், "சுதர்சனா இருந்தால் இதற்குள் முடித்திருப்போம்" என்கிறார். நீ ஊரிலேயே இல்லை, அப்போதும் நீதான் ஒசத்தி. உன் இடத்தில் நின்றுகொண்டு உன்மேலேயே பொறாமைப்படுகிற அளவுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டிருக்கிறாய்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். இன்றைக்கு வேண்டாம்.

ஜிஸ்லேன்


துலூஸ்
6 ஜனவரி 2019

ஜிஸ்லேன்,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். மறுத்துப் பேசவில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை எழுத உனக்கு எப்படிக் கை வந்தது?

பொறாமை என்று எழுதிவிட்டாய். இவ்வளவு காலமும் அந்தச் சொல்லை இரண்டு பேருமே வாயில் எடுக்காமல் அதையேதான் கதைத்தோம். ஓகஸ்ட் கடைசியில் என்ன நடந்தது? வைத்தியசாலைச் சஞ்சிகையில் படம் வந்தது. மெசினுக்கு முன்னால் வைத்தியரும் நானும். நீயும் எங்களோடுதான் நின்றாய். அச்சில் உன் கையுறை போட்ட கை மட்டும் ஓரத்தில் வந்தது. உன்னை வெட்டியது நானா? நான் அந்தப் படத்தை முன்கூட்டிப் பார்த்ததுகூட இல்லை. அன்று மாலை தவசீலன் அண்ணையின் கடையில், அவ்வளவு பேருக்கு முன்னால் நீ சொன்னாய்: "இவளுக்கென்ன, அழுது விசா வாங்கினா, அழுது லியோன் பயிற்சிக்கு சீட்டு வாங்கினா, இப்ப அழுது போட்டோவும் வாங்கிட்டா."

நான் சும்மா இருந்தேன் என்று சொல்லவில்லை. "நீ பிரெஞ்சுக்காரி எண்டு நீதான் சொல்லித் திரியிறாய், அவங்கள் ஒருத்தரும் சொல்லேல்லையே" என்றேன். உனக்கு எங்கே வலிக்கும் என்று தெரிந்துதான் சொன்னேன். ஏனென்றால் எனக்கும் எரிச்சல் இருந்தது. நீ பிறந்தபோதே உன் தகப்பனாரின் பிரெஞ்சுக் குடியுரிமை உனக்கு வந்துவிட்டது. அதே கடுதாசிக்காக நான் பொலிஸ் வாசலில் ஆறு வருடம் நின்றேன். நீ பகிடி விட்டால் வைத்தியர் சிரிப்பார். நான் பகிடி விட்டால், "மன்னிக்கவும், திரும்பச் சொல்ல முடியுமா?" என்பார். 2009 மே மாதம் வன்னியிலிருந்து அம்மாவின் செய்தி வராமல் நான் கழிவறைக்குள் இருந்து அழுதபோது, மூன்று கிழமை எனக்காக வேலைக்கு நின்றவள் நீ. அதனால் உன்மேல் எரிச்சல்படக்கூட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்து நினைத்து, அந்த எரிச்சல் இன்னும் கூடியதுதான் மிச்சம்.

செப்டெம்பர் 11ஆம் திகதியை, தவசீலன் அண்ணையின் சத்திரசிகிச்சை நாளை யோசித்துப் பார். சண்டைக்குப் பிறகு நாம் ஒன்றாக நின்ற முதல் நாள் அது. திரையில் நான், கருவி எடுத்துக் கொடுக்க நீ. அதற்கு முன் எட்டு மாதம் எப்படிச் செய்தோம்? சரிபார்க்கும் நேரம் வந்தால் நான், "ஜிஸ்லேன், ஒருக்கால் பாப்பம்" என்பேன். "பார்த்துடலாம்" என்று நீ வைத்தியரின் கையில் கூர்முனையை வைப்பாய். அவர் முதுகெலும்பின் மேட்டில் அதைத் தொடுவார். திரையிலும் அதே மேடு என்றால் நான் தலையாட்டுவேன். தமிழில்தான் நடந்தது. மற்றவர்களுக்கு அது எங்களுடைய அரட்டை. வைத்தியர் ஒருநாளும் தானாகக் கேட்டதில்லை, கையில் எது வருகிறதோ அதை வாங்குவார்.

அன்று நாம் இருவரும் ஒரு தமிழ்ச் சொல்கூடப் பேசவில்லை. அது நின்றுபோனதை வேறு ஒருவரும் கவனிக்கவில்லை.

இதை விசாரணையில் நான் எப்படிச் சொல்வேன்? இரண்டு தமிழ்ப் பெண்கள் கோபித்துக்கொண்டதால் ஒரு மனிதனின் கால் போனது என்றா? மறந்துவிட்டேன் என்பது அதைவிட மரியாதையாக இருந்தது.

நீ சொல்ல இருப்பது என்ன?

சுதர்சனா


பாரிஸ்
20 ஜனவரி 2019

சுதர்சனா,

சர்ச்சில் பூசைக்குப் போய்விட்டு வந்து எழுதுகிறேன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று போய் வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது வெளியே வந்துவிட்டேன். முதலில் கேட்க வேண்டியவள் நீ.

அந்தச் சட்டத்தை அசைத்தது நான். என் முழங்கை.

படம் எடுத்து முடிந்து, கதிர் படாமல் வெளியே நின்ற எல்லோரும் திரும்ப உள்ளே வந்தோம். நான் மேசையிலிருந்து குழாய்களை எடுக்கத் திரும்பினேன். இடது முழங்கையில் தட்டென்று பட்டது. துணிக்கு மேலே பட்டது எனக்கு நன்றாகத் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். உருண்டைகள் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பது போலத்தான் தெரிந்தன. நான்கு மில்லிமீட்டர் கண்ணுக்கா தெரியும்?

"பட்டுடுச்சு" என்று ஒரு சொல் போதும். திரும்ப ஒரு படம் எடுத்திருப்பார்கள், பத்து நிமிஷம் போயிருக்கும், டாக்டர் முணுமுணுத்திருப்பார். நான் ஏன் சொல்லவில்லை? பயத்தில் என்றுதான் இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான் நினைத்தது இதுதான்: இப்போது இவள் சரிபார்க்கச் சொல்வாள், டாக்டர் கூர்முனையை வைப்பார், திரையில் அது வேறெங்கோ போய் நிற்கும். இவளுடைய மெஷின் எல்லோர் முன்னாலும் தப்பாகக் காட்டும். இவள் முகம் சிவக்கும். ஒரே ஒரு நிமிஷம் அதைப் பார்க்க வேண்டும். சஞ்சிகைப் படத்தில் பார்த்த அந்த முகம் சிவக்கிறதைப் பார்க்க வேண்டும்.

அதற்காகக் காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. டாக்டர் கையை நீட்டினார். என் முன்னால் கூர்முனையும் இருந்தது, திருப்புளியும் இருந்தது. இவளே கேட்கவில்லை, எனக்கென்ன என்று திருப்புளியை வைத்தேன்.

முதல் திருகு போனது. திரையில் எல்லாம் சரியாக இருந்தது. நீ திரையையே பார்த்துக்கொண்டு நின்றாய். இரண்டாவது திருகையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அப்போது சொன்னால், முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்பார்கள். அதனால் சொல்லவில்லை. கடைசிப் படம் எடுத்தபோது இரண்டு திருகும் எலும்பின் ஓரத்தைத் தாண்டி நரம்பின்மேல் இருந்தன. டாக்டர் இரண்டையும் கழற்றி மறுபடி ஏற்றினார். நீ சுவரோடு ஒட்டிப்போய் நின்றாய். நீ எதிர்பார்த்த முகச்சிவப்பு இதுதானடி என்று எனக்குள் ஒரு குரல் கேட்டது. மாதா சாட்சியாகச் சொல்கிறேன், அதில் எனக்கு எள்ளளவும் சந்தோஷம் வரவில்லை.

சட்டம் எப்படி அசைந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. தானாகத் தளர்ந்திருக்கலாம் என்று அறிக்கையில் எழுதினார்கள். சரிபார்க்கவில்லை என்பது மட்டும் நிச்சயம், அது உன் தலையில் விழுந்தது. பிறகு மெஷினை என்னிடம் கொடுத்தார்கள், நான் வாங்கிக்கொண்டேன். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஸ்டெஃபானியிடம் சொல்ல இரண்டு தடவை அவள் கதவுவரை போனேன். திரும்பிவிட்டேன். எனக்கு வேலை போய்விடும். கொஞ்சம் நேரம் கொடு. ஏப்ரலுக்குள் சொல்லிவிடுவேன்.

ஜிஸ்லேன்


துலூஸ்
28 ஜனவரி 2019

ஜிஸ்லேன்,

வாசித்தேன்.

உன் கடிதத்தை விசாரணைக் குழுவுக்கு அனுப்பினால் எனக்கு விடுதலை. உறைக்குள் வைத்து, முத்திரையும் ஒட்டி, இரண்டு நாள் கைப்பைக்குள் கொண்டு திரிந்தேன். அனுப்பவில்லை. உன்மேல் இரக்கப்பட்டு என்று நினைக்காதே. உன் வாயால் நீயே சொல்ல வேண்டும், அதுவும் தவசீலன் அண்ணைக்கு முன்னால்.

நீ சொல்லும்வரை எனக்கு எழுதாதே. இந்தத் தடவை உண்மையாகவே எழுதாதே.

சுதர்சனா


பாரிஸ்
10 மார்ச் 2019

அன்புள்ள சுதர்சனா,

சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 26, செவ்வாய். காலையில் முதுகு ஆபரேஷன் ஒன்று இருந்தது. திரையின் முன்னால் போய் நின்றேன், மெஷினைப் போடவில்லை. ஸ்டெஃபானியைக் கூப்பிட்டு, வேறு ஆளைப் போடு என்றேன். அவள் அறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கை, திருப்புளி, உன் முகம் சிவக்கக் காத்திருந்தது, எல்லாம். அவள் எழுதிக்கொண்டே வந்தாள், கடைசியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "இதைச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும்" என்றாள். டாக்டர் மத்தியானம் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்.

விசாரணைவரை ப்ளாக்குக்குள் போகக்கூடாது. கீழ்த்தளத்தில் கருவிகள் கழுவுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். அங்கேயும் எல்லோரும் என்னிடம் கனிவாகப் பேசுகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை என்று சொன்னால் நம்பமாட்டாய்.

மறுநாள் மாலை பாரிஸுக்கு வெளியே எபினே-சூர்-செய்னில் தவசீலன் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார்கள், உட்காராமல் நின்றுகொண்டே சொன்னேன். கமலராணி டீ டம்ளரை என் கைக்கு எட்டாத தூரத்தில் வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். அவர் குனிந்து தன் பாதத்தைத் தாங்கியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப அந்தப் பிள்ளை இல்லையோ?" என்றார்.

"இல்ல. நான்தான்."

"ஐயோ தங்கச்சி, நான் அந்தப் பிள்ளையைப் பற்றி எல்லா இடமும் சொல்லிப்போட்டனே. கடையிலை, கோயிலிலை, எல்லா இடமும்."

அவர் என் காலுக்கு என்ன பதில் என்று கேட்டிருந்தால் நான் அழுதுகொண்டு திரும்பி வந்திருப்பேன். உன்னைப் பற்றித் தப்பாகச் சொல்லிவிட்டேனே என்று அழுதார். கடைசியில், "நீர் வந்து சொன்னீர், அது பெரிய காரியம்" என்றார். உன் நம்பரைக் கேட்டார். மன்னிப்புக் கேட்கவேண்டுமாம். கொடுத்தேன்.

இனி நீ பயப்பட ஒன்றும் இல்லை. மறதி மன்னிக்கக்கூடியது, மறைத்ததுதான் குற்றம் என்று ஸ்டெஃபானி சொல்கிறாள். மே மாதம் உன்னைத் திரும்பக் கூப்பிடுவார்கள். மெஷின் உனக்குத்தான்.

ஒன்று மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் இந்தப் பொறாமையும் என்னைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தேன். மே மாதம் நீ அந்தத் திரைக்கு முன்னால் நிற்கப்போகிறாய் என்று இப்போது எழுதும்போதே வயிறு எரிகிறது. நான் கெட்டவள்தான் போலிருக்கிறது. ஆனாலும் வா.

ஜிஸ்லேன்


துலூஸ்
19 மார்ச் 2019

ஜிஸ்லேன்,

ஸ்டெஃபானி தொலைபேசி எடுத்தாள். பத்து நிமிடம் கதைத்தாள். அதில் எட்டு நிமிடம் உன் தைரியத்தைப் பற்றி. மிச்ச இரண்டு நிமிடத்தில், மே மாதம் நான் திரும்பி வரலாம் என்றாள். மறுநாள் வைத்தியர் எழுதியிருந்தார். அதிலும் உன்னுடைய நேர்மை. தவசீலன் அண்ணை இரண்டு தரம் எடுத்திருக்கிறார், நான் தொலைபேசியைத் தொடவில்லை. அழுதுகொண்டு ஒரு குரல் பதிவு வைத்திருக்கிறார்: "பிள்ளை, நான் உமக்குப் பாவம் செய்துபோட்டன்."

இதையெல்லாம் கேட்டு நான் மகிழ்ந்திருக்க வேண்டும். எனக்குப் பொறாமைதான் வந்தது. கால் ஒன்றைக் கெடுத்தவள் எல்லோருக்கும் நல்லவளாகிவிட்டாள். ஒரு கிழமையாக நித்திரை இல்லை. உன் வயிறு எரிகிறதென்று எழுதியிருக்கிறாய், என்னுடையதை வந்து பார்.

ஆனால் நித்திரை வராததற்குக் காரணம் அது மட்டும் இல்லை.

நான் மறக்கவில்லை.

உன் முழங்கை பட்டதை நான் பார்க்கவில்லை. ஆனால் திரையில் படம் ஒருதரம் துள்ளி அடங்கியதைப் பார்த்தேன். நிமிர்ந்தேன். நீ சட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு முகத்தைத் திருப்பினாய். பிறகு திரும்பவும் பார்த்தாய். ஒன்பது வருடம் உன் கண்ணை மட்டும் பார்த்து வேலை செய்தவள் நான். முகக்கவசத்துக்கு மேலே தெரிகிற அந்தக் கண்ணில் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியாதா? ஏதோ நடந்துவிட்டது என்று அந்த நொடியே தெரியும்.

சரிபார்க்க வேண்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். தமிழில் சொன்னால் உன்னோடு நான்தான் முதலில் கதைத்ததாகிவிடும். பிரெஞ்சில் சொன்னால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், என் மெசினில் ஏதோ பிழை என்று தெரிந்துவிடும், அதையும் நீ பார்ப்பாய். பட்டது அவளுக்குத்தானே தெரியும், அவள் சொல்லட்டும் என்று நின்றேன். நீ என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாய், நான் உன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த மனிதர் எங்கள் இரண்டு பேரையும் நம்பிக் குப்புறப் படுத்திருந்தார்.

திருகு போகும்போது நான் திரையையே பார்த்தேன் என்று எழுதியிருக்கிறாய். ஓம், பார்த்தேன். அது பொய் சொல்கிறது என்று தெரிந்துகொண்டே பார்த்தேன். பிறகு மறந்துவிட்டேன் என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன். மறதிக்காரி என்றால் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுவார்கள் என்று தெரியும்.

நீ சொல்லாமல் இருந்திருந்தால் இதை நான் சாகும்வரை சொல்லியிருக்கமாட்டேன். நீ தனியாக நின்று எல்லாப் பழியையும், எல்லாப் பாராட்டையும் எடுத்துக்கொள்வதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இன்று காலை விசாரணைக் குழுவுக்கு எல்லாவற்றையும் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். மே மாதம் நான் வரமாட்டேன் ஜிஸ்லேன், இனி என்னைக் கூப்பிடவும் மாட்டார்கள். அந்த மெசினை உனக்கும் தரமாட்டார்கள், எனக்கும் தரமாட்டார்கள்.

ஏப்ரல் 3ஆம் திகதி மாலை ரயிலில் வருகிறேன். விசாரணைக்கு முதல், நேரே எபினேக்குப் போய்த் தவசீலன் அண்ணையிடம் இதைச் சொல்ல வேண்டும். இப்போது அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கக் காத்துக்கொண்டிருக்கிறார். நான் என்ன செய்தேன் என்று அவருக்கு இன்னும் தெரியாது.

இந்தக் கடிதம் வந்த கையோடு நீ எழும்பி அவர் வீட்டுக்கு ஓடுவாய், உன்னை எனக்குத் தெரியும். எனக்காகப் பேசி, அவரைச் சமாதானப்படுத்தி, எனக்கும் சேர்த்து மன்னிப்பு வாங்கி வைத்துவிடுவாய். போகாதே. அதையாவது எனக்கு விடு.

சுதர்சனா